கிழமை

பதினாலு வருசம் எனக்குச் செவ்வாய்க்கிழமைதான்.
அட்டையில் இருபத்தொரு வெள்ளை, ஏழு பழுப்பு.
பழுப்பில் மூன்றாவதை விழுங்கிய காலை
அனுப்பர்பாளையம் ஸ்டாப்பில் பஸ் வருவதற்குள் தெரிந்துவிடும்.
வாரச் சம்பளம்கூட அத்தனை கணக்காய் வந்ததில்லை.

ஆபரேசன் என்றால் அவருக்குப் பயம்,
என் ஆபரேசனுக்குத்தான்.
"பத்து நாள் படுத்துட்டா வேலை போயிருமல்ல" என்றார்.
ஆம்பளைக்கும் உண்டாமே என்று யாரும் கேட்கவில்லை,
நானும்.

நாற்பத்து நாலில் பிரசர் வந்தது.
அவிநாசி டாக்டரம்மா அட்டையை மேசை ஓரத்துக்குத் தள்ளி
"போதும் மயிலாத்தா, நிறுத்திருங்க" என்றார்.
நிறுத்தினேன்.
முதலில் பத்தொன்பதாம் நாள்.
அப்புறம் அறுபத்து மூன்று நாள் ஒரு பொட்டு இல்லை.
அப்புறம் ஒன்பதே நாள் விட்டு,
யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு
ஊருக்குப் போன மாதிரி.

எனக்குச் செக்கிங் வேலை.
வெள்ளை பனியனை டியூப்லைட்டுக்கு அடியில் விரித்து
எண்ணெய்க் கறையா, ஊசி ஓட்டையா, துருவா பார்த்து
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும்.
மணிக்கு நூற்றிருபது பீஸ்.
வெள்ளைச் சுடிதார் பேன்ட் இரண்டையும்
மகள் தர்ஷனாவுக்குக் கொடுத்துவிட்டேன்.
"உனக்கென்னம்மா ஆச்சு?" என்றாள்.
கறுப்புதான் எனக்கு எடுப்பு என்றேன்.

அந்த அறுபத்து மூன்றில் ஐம்பதாம் நாள்
இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி
முகம் தெரியாத மெடிக்கலில் அந்த அட்டையைக் கேட்டேன்.
"யாருக்குங்க்கா?" என்றான் பையன்,
சும்மாதான் கேட்டான்.
"ஒறம்பரைப் புள்ளைக்கு."
கம்பெனி பாத்ரூமுக்கு டோக்கன், ஐந்து நிமிசம்.
ஒரே கோடு.
அப்பாடா சாமீ என்று மூச்சு விட்டேன்.
கை கழுவிவிட்டு, எதுக்கென்று தெரியவில்லை,
இன்னொரு தரம் பார்த்தேன்,
இரண்டாவது கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தை.

மாரியாத்தா நோம்பிக்குப் பூச்சாட்டியாயிற்று.
பல்லடத்திலிருந்து நங்கையா போன் போட்டாள்:
"தீர்த்தம் எடுக்கறயா? தேதி எப்படி உனக்கு?"
முன்பெல்லாம் காலண்டரைப் பார்க்காமலே சொல்வேன்.
"ஆத்தாளுக்குத்தான் வெளிச்சம்" என்றேன்.
சிரித்தாள்.
சிரிப்பு நின்ற பிறகும் போனை வைக்கவில்லை.
"எனக்கும் அப்படித்தான் புள்ளே,
ரெண்டு வருசமா" என்றாள், டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு.

கம்பெனி அம்புகளில் கொஞ்சம் வீட்டுக்கு வந்திருக்கின்றன.
சமையல்கட்டுக் காலண்டரில் வந்த நாளுக்கெல்லாம் ஒட்டுகிறேன்.
"பால் கணக்கா?" என்றார் அவர்.
இல்லை, என் கணக்கு என்றேன்.
கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.
காஸ் எப்போது போட்டோம் என்று தேடினார்.

போன வாரம் ஷிப்மென்ட் ராத்திரி.
பன்னிரண்டரைக்கு,
கையில் குழந்தைச் சைஸ் பனியன் ஒன்று இருந்தபோது,
ஸ்டூல் ஈரமானது.
எழவில்லை. எழுந்தால் சூப்பர்வைசர் நேர் பின்னால்.
எதிர்மேசைப் பசந்தி என் முகத்தைப் பார்த்தாள்.
ஒடிசாக்காரி. தமிழில் அவளுக்கு வாய்த்தது
பாஸ், ஆல்ட்டர், சீக்கிரம், சோறு.
கட்டிங் வேஸ்ட்டில் நல்ல பருத்தித் துணியாய்ப் பார்த்து
ஒரு கை அள்ளிக்கொண்டு,
தன் துப்பட்டாவை என் இடுப்பைச் சுற்றிக் கட்டி,
என்னோடு ஒட்டியே நடந்து வந்தாள்,
இரண்டு பேரும் ஒரே பீஸைத் தூக்கிப் போவது போல.

திரும்பி வந்தேன். ஸ்டூல் துடைத்திருந்தது.
என் மேசையில் அறுபது பீஸ் முடிந்திருந்தது.
பசந்தி என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி,
டியூப்லைட்டு வெளிச்சத்தில் முதுகுப்பக்கத்தை
மேலிருந்து கீழ்வரை பார்த்து
"பாஸ்" என்றாள்.

இரண்டு மணிக்குக் கம்பெனி வேன்.
சீட் காலியாகத்தான் இருந்தது.
நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன்.
அவளும் உட்காரவில்லை.